அருளாளர்: ஒரு பட்டம் சொல்வதும் சொல்லாததும்

2012 டிசம்பர் 2 அன்று நாகர்கோவிலில் நடந்த பெருவிழாவில், நட்டாலத்தைச் சேர்ந்த மறைசாட்சி தேவசகாயம் ‘அருளாளர்’ என்று அறிவிக்கப்பட்டார். 2022 மே 15 அன்று உரோமையில் புனித பேதுரு சதுக்கத்தில் ‘புனிதர்’ என்று அறிவிக்கப்பட்டார். இடையில் ஏறத்தாழ ஒன்பதரை ஆண்டுகள். அந்த ஆண்டுகளில் அவர் யார்? பாதிப் புனிதரா? தேர்வில் முதல் தாளை மட்டும் எழுதி முடித்தவர்போல ஒருவரா?

பலருக்கு இந்த ஐயம் உண்டு. கத்தோலிக்கர் அல்லாதவர்களுக்கு மட்டுமல்ல, ஞாயிறுதோறும் திருப்பலிக்குப் போகிறவர்களுக்கும் உண்டு. விடையை முதலிலேயே சொல்லிவிடலாம். அருளாளர் என்பது குறைந்த தரத்துப் புனிதம் அல்ல. ‘இவர் இறைவனோடு இருக்கிறார் என்று நம்பலாம், இன்ன இடத்தில், இன்ன மக்கள் இவருக்குப் பொது வணக்கம் செலுத்தலாம்’ என்று திருச்சபை தரும் அனுமதியே அந்தப் பட்டம். புனிதர் பட்டத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அந்த வணக்கத்தின் எல்லையில் இருக்கிறது. அந்த மனிதரின் தூய்மையில் அல்ல.

இதைப் புரிந்துகொண்டால் செய்தித்தாளில் வரும் அறிவிப்புகளும், ஆலய அழைப்பிதழ்களில் பெயர்களுக்கு முன்னால் வரும் சொற்களும் தெளிவாகிவிடும்.

ஒரே நிலைக்குப் பல பெயர்கள்

லத்தீனில் இந்தப் பட்டம் ‘பெயாத்துஸ்’. பேறு பெற்றவர், நிறைவான மகிழ்ச்சியில் இருப்பவர் என்று பொருள். தமிழ்க் கத்தோலிக்கர் இதை நெடுங்காலமாக ‘முத்திப்பேறு பெற்றவர்’ என்று சொல்லி வந்திருக்கிறார்கள். இப்போது ‘அருளாளர்’ என்ற சொல்லும் பரவலாக வழங்குகிறது. ‘முத்திப்பேறு பெற்ற அன்னை தெரேசா’ என்று ஓர் இதழிலும், ‘அருளாளர் அன்னை தெரேசா’ என்று இன்னோர் இதழிலும் பார்த்திருப்பீர்கள். இரண்டும் ஒன்றுதான்.

பொதுத் தமிழில் அருளாளர் என்ற சொல்லுக்கு விரிந்த பொருள் உண்டு. இறையருள் நிறைந்த எந்தச் சான்றோரையும், எந்தச் சமயத்துப் பெரியவரையும் அப்படி அழைப்பது நம் வழக்கம். கத்தோலிக்க வழக்கில் அதன் பொருள் குறுகியது: திருத்தந்தையின் ஒப்புதலோடு முறைப்படி அறிவிக்கப்பட்டவர், அதுவும் இறந்துபோனவர். அருட்தந்தை, அருட்சகோதரி என்பவை உயிரோடு பணியாற்றும் குருவையும் துறவியையும் அழைக்கும் மரியாதைச் சொற்கள். அவற்றில் ‘அருள்’ இருப்பதால் இந்தப் பட்டத்தோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. இலங்கையில் குருக்களின் பெயருக்கு முன் எழுதும் ‘வண. பிதா’ என்பதும் அப்படித்தான். ‘வணக்கத்துக்குரியவர்’ என்று ஒரு படிநிலை தனியாக இருக்கிறது. அது வேறு.

நான்கு படிகள்

ஒருவர் இறந்தபின், அவர் தூய வாழ்வு வாழ்ந்தார் என்ற நம்பிக்கை மக்களிடம் தானாக நிலைத்திருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் தொடக்கம் இதுதான். பொதுவாக இறப்புக்குப் பின் ஐந்து ஆண்டுகளாவது கழிய வேண்டும். முதல் துக்கத்தின் உணர்ச்சி அடங்கி, நிதானமாக ஆராய இடம் வேண்டும் என்பதே அதன் நோக்கம். திருத்தந்தை விரும்பினால் இந்தக் காத்திருப்பைத் தளர்த்தலாம். 1997-இல் இறந்த அன்னை தெரேசாவுக்கு அப்படித் தளர்த்தப்பட்டது.

மறைமாவட்ட ஆயர் விசாரணையைத் தொடங்கியதும் அந்த நபர் ‘இறை ஊழியர்’ எனப்படுகிறார். அவரை அறிந்தவர்கள் சாட்சியம் சொல்கிறார்கள். அவர் எழுதியவை அனைத்தும் திரட்டப்படுகின்றன. பழங்காலத்தவரானால் வரலாற்று ஆவணங்கள் தேடப்படுகின்றன. அவருக்கு எதிரான செய்திகளையும் பதிவுசெய்ய வேண்டும்.

இந்த ஆவணங்கள் உரோமையில் உள்ள புனிதர் பட்டத்துக்கான திருப்பீடத் துறைக்குப் போகின்றன. அங்கே விரிவான நூல் ஒன்று தயாராகிறது. வரலாற்றறிஞர்களும் இறையியலாளர்களும், பின்னர் கர்தினால்களும் ஆயர்களும் அதை ஆராய்கிறார்கள். நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு, விவேகம், நீதி போன்ற நற்பண்புகளை அவர் அசாதாரணமான அளவில், விடாமல் கடைப்பிடித்தார் என்று உறுதியானால், திருத்தந்தையின் ஆணைப்படி அவர் ‘வணக்கத்துக்குரியவர்’ ஆகிறார்.

மூன்றாவது படி அருளாளர். நான்காவது புனிதர்.

முதல் இரண்டு படிகளிலும் பொது வணக்கத்துக்கு இடமில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அவர் வழியாகத் தனிப்பட்ட முறையில் மன்றாடலாம், கல்லறைக்குப் போகலாம், படத்தை வீட்டில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் பீடத்தில் சுரூபம் வைப்பதும், அவர் பெயரில் திருவிழாத் திருப்பலி நிறைவேற்றுவதும் கூடாது. ஆர்வக் கோளாறால் இப்படிச் செய்துவிட்டால், விரும்பிய பட்டத்துக்கே அது தடையாகக்கூடும். அத்தகைய வணக்கம் முன்கூட்டியே நடக்கவில்லை என்பதை விசாரணையில் நிறுவ வேண்டியிருக்கிறது. திருத்தந்தை எட்டாம் உர்பான் 17ஆம் நூற்றாண்டில் வகுத்த விதி இது. கோவில்தோறும் தாங்களாகவே புனிதர்களை ஏற்படுத்திக்கொள்ளும் வழக்கத்தை அவர் இவ்வாறு நிறுத்தினார்.

அருளாளர் ஆவதற்கான வழிகள்

பொதுவான வழியில் ஒரு புதுமை வேண்டும். கத்தோலிக்கத் தமிழில் ‘புதுமை’ என்றால் இறைவன் செய்யும் அற்புதச் செயல். இறந்தவரின் பரிந்துரையை வேண்டி மன்றாடியபின் கிடைத்த குணமே பெரும்பாலும் புதுமையாக முன்வைக்கப்படுகிறது. அந்தக் குணம் விரைவாகவும் முழுமையாகவும் நிலையாகவும் இருக்க வேண்டும். மருத்துவ அறிவால் விளக்க முடியாததாக இருக்க வேண்டும். முதலில் மருத்துவர் குழு நோய்க்குறிப்புகளை ஆராய்கிறது. பிறகுதான் இறையியலாளர்கள், அந்தக் குணத்துக்கும் அந்தக் குறிப்பிட்டவரை நோக்கிச் செய்த மன்றாட்டுக்கும் தொடர்பு உண்டா என்று பார்க்கிறார்கள். அன்னை தெரேசாவுக்கு 2003 அக்டோபர் 19 அன்று அருளாளர் பட்டம் கிடைப்பதற்கு, மேற்கு வங்கத்தில் ஒரு பெண்ணின் வயிற்றுக் கட்டி மறைந்தது புதுமையாக ஏற்கப்பட்டது.

மறைசாட்சிகளின் வழி வேறு. விசுவாசத்துக்காகக் கொல்லப்பட்டவர் என்று உறுதியானால், அருளாளர் பட்டத்துக்குப் புதுமை தேவையில்லை. உயிரைக் கொடுத்ததே போதிய சான்று. தேவசகாயம் இந்த வழியில் வந்தவர். 1712-இல் நட்டாலத்தில் நீலகண்டனாகப் பிறந்து, திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மரின் அரசில் பணியாற்றினார். குளச்சல் போரில் பிடிபட்டுப் பின்னர் மன்னரின் படைத் தளபதியான டச்சுக்காரர் தெ லானோயிடமிருந்து கிறிஸ்துவைப் பற்றி அறிந்தார். 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றார். 1749-இல் சிறைப்பட்டுப் பலவகைக் கொடுமைகளுக்கு உள்ளாகி, 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய கல்லறை கோட்டாறு புனித சவேரியார் பேராலயத்தில் இருக்கிறது.

ஒருவர் அரசியல் காரணத்துக்காகக் கொல்லப்பட்டாரா, கொன்றவர்கள் விசுவாசத்தை வெறுத்ததால் கொல்லப்பட்டாரா என்பதே மறைசாட்சி விசாரணையின் மையக் கேள்வி. தேவசகாயம் அரசு ஊழியர் என்பதால் இந்தக் கேள்வி அழுத்தமாகவே எழுந்தது. விசுவாசத்துக்காகவே உயிர் நீத்தார் என்ற முடிவைத் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2012 ஜூனில் ஏற்றார். அந்த ஆண்டு டிசம்பரிலேயே அருளாளர் பட்டம் வந்தது.

2017-இல் திருத்தந்தை பிரான்சிஸ் இன்னொரு வழியையும் திறந்தார். பிறர்மீதுள்ள அன்பினால், விரைவில் சாவு உறுதி என்று தெரிந்தே தன்னுயிரை ஒப்புக்கொடுத்தவர்களுக்கான வழி அது. தொற்றுநோயாளிகளுக்குப் பணிவிடை செய்து இறப்பவரை எண்ணிப் பாருங்கள். அவரை யாரும் விசுவாசத்துக்காகக் கொல்லவில்லை. ஆயினும் அவர் உயிரைக் கொடுத்திருக்கிறார். இந்த வழியில் வருபவர்களுக்கும் ஒரு புதுமை தேவை.

பட்டம் எதை அனுமதிக்கிறது?

அருளாளர் பட்டம் அறிவிக்கப்படும் திருப்பலியில், திருத்தந்தையின் மடல் வாசிக்கப்பட்டதும் திரையிட்ட படம் திறக்கப்படுகிறது. அவர் நினைவாகப் போற்றப்படும் திருப்பண்டம் பவனியாகப் பீடத்துக்குக் கொண்டுவரப்படுகிறது. அந்த மடலின் உள்ளடக்கம் ஒரு அனுமதிதான்: இவரை அருளாளர் என்று அழைக்கலாம், ஆண்டுதோறும் இன்ன நாளில் குறித்த இடங்களில் இவருடைய நினைவைக் கொண்டாடலாம்.

குறித்த இடங்கள் என்பவை பெரும்பாலும் அவர் வாழ்ந்த அல்லது இறந்த மறைமாவட்டமும், அவர் துறவியானால் அவருடைய சபையின் இல்லங்களும்தான். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 2011 மே 1 அன்று அருளாளரானபோது, உலகெங்கும் அறியப்பட்ட அவருக்கும்கூட விழா உரோமை மறைமாவட்டத்திலும் போலந்திலும்தான் நாள்காட்டியில் இடம்பெற்றது. மற்ற இடத்தவர்கள் கொண்டாட விரும்பினால் தனியே அனுமதி கேட்க வேண்டியிருந்தது. 2014 ஏப்ரல் 27 அன்று புனிதரானபின்தான் அந்த எல்லை நீங்கியது.

அருளாளர் ஒருவரின் பெயரில் புதிய ஆலயத்தை அர்ச்சிக்க உரோமையின் சிறப்பு அனுமதி வேண்டும். ஓர் ஊருக்கோ அமைப்புக்கோ அவரைப் பாதுகாவலராகத் தேர்வதற்கும் அப்படியே. புனிதருக்கு இந்தக் கட்டுப்பாடுகள் இல்லை. முற்காலத்து ஓவியர்கள்கூட இந்த வேறுபாட்டைக் காட்டினார்கள்: புனிதரின் தலையைச் சுற்றி முழு ஒளிவட்டம், அருளாளரின் தலையைச் சுற்றி ஒளிக்கதிர்கள் மட்டும். உரோமை மறைசாட்சியர் நூல் என்ற அதிகாரபூர்வப் பட்டியலில் இரு சாராரும் இடம்பெறுகிறார்கள். அருளாளர் பெயருக்கருகே உடுக்குறி ஒன்று இருக்கும்.

அறிவிப்பின் எடையிலும் வேறுபாடு உண்டு. புனிதர் பட்ட அறிவிப்பு முழுத் திருச்சபைக்கும் உரியது, இறுதியானது, அதில் திருச்சபை தவறாது என்பது இறையியலாளர் பெரும்பாலோரின் கருத்து. அருளாளர் பட்டத்துக்கு அந்த இறுதித் தன்மை இல்லை. இது ‘வணங்கலாம்’ என்கிறது. அது ‘திருச்சபை முழுவதும் வணங்கட்டும்’ என்கிறது. பெரும்பாலும் புனிதர் பட்டத்தைத் திருத்தந்தையே நேரில் வழங்குவதும், அருளாளர் பட்ட விழாவுக்குத் தம் பிரதிநிதியை அனுப்புவதும் இதனால்தான். நாகர்கோவிலுக்கு வந்தவர் கர்தினால் ஆஞ்சலோ அமாத்தோ.

இந்த வேறுபாடு மண்ணுலகில் நாம் செலுத்தும் வணக்கத்தைப் பற்றியது மட்டுமே. விண்ணகத்தில் பாதி நிலை என்று ஒன்றில்லை. தூய்மை பெற்ற ஆன்மாக்கள் இறைவனை நேருக்கு நேர் காண்கிறார்கள் என்று திருத்தந்தை பன்னிரண்டாம் பெனடிக்ட் 1336-இல் உறுதியாக வரையறுத்தார். அந்தப் பேரின்பக் காட்சியே முத்திப்பேறு. பட்டமே பெறாத, பெயரே தெரியாத எண்ணற்ற ஆன்மாக்களும் அதில் இருக்கிறார்கள் என்று திருச்சபை நம்புகிறது. நவம்பர் 1 அன்று கொண்டாடும் அனைத்துப் புனிதர் பெருவிழா அவர்களுக்கும் உரியது.

ஏன் இரண்டு படிகள்?

முதல் நூற்றாண்டுகளில் இத்தனை படிகள் இல்லை. மறைசாட்சியின் கல்லறையில் ஊர்மக்கள் கூடினார்கள், ஆயர் அதை ஏற்றார், அவ்வளவுதான். திருத்தந்தை ஒருவர் முறைப்படி புனிதராக அறிவித்த முதல் நபர் என்று உறுதியாக அறியப்படுபவர் ஆக்ஸ்பர்க் ஆயர் உல்ரிக், ஆண்டு 993. அதன்பின் மெல்ல மெல்ல இந்த அதிகாரம் உரோமையில் குவிந்தது. 1588-இல் ஐந்தாம் சிக்ஸ்துஸ் இதற்கென ஓர் அலுவலகத்தை ஏற்படுத்தினார்.

ஆனாலும் ஓர் ஊர் மக்கள் ஒருவரை உளமார நேசிக்கும்போது, உலகத் திருச்சபை முழுவதும் அவரை ஏற்கும்வரை அவர்கள் காத்திருக்க வேண்டுமா? இந்தக் கேள்விக்குக் கிடைத்த விடைதான் அருளாளர் நிலை. உள்ளூர் பக்திக்கு உரிய இடத்தைக் கொடுத்து, முழுத் திருச்சபைக்கான முடிவை நிதானமாக எடுக்க வழி செய்தார்கள். புனித பேதுரு பேராலயத்தில் முறையான விழாவாக முதலில் அருளாளர் பட்டம் பெற்றவர் பிரான்சிஸ் சலேசியார், ஆண்டு 1662. இப்போதுள்ள நடைமுறையின் வடிவம் 1983-இல் இரண்டாம் யோவான் பவுல் வகுத்தது.

இந்த உள்ளூர்த் தன்மையை நான் பெரிதாக மதிக்கிறேன். ஓரியூர் செம்மண்ணைப் பக்தியோடு எடுத்துச் செல்லும் மக்களுக்கு, அங்கே உயிர்நீத்த மறைசாட்சி அருளானந்தர் யார் என்று உரோமை வந்து சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவர்கள் அறிந்ததை உரோமை ஆராய்ந்து உறுதிப்படுத்தியது. ஒவ்வொரு அருளாளருக்குப் பின்னாலும் இப்படி ஒரு மக்கள் கூட்டம் இருக்கிறது.

காத்திருப்பின் நீளம்

லிஸ்பனில் பிறந்து மறவர் சீமையில் பணியாற்றிய அருளானந்தர், அதாவது ஜான் தெ பிரிட்டோ, 1693-இல் ஓரியூரில் தலை வெட்டப்பட்டு இறந்தார். அருளாளரானது 1853-இல்; புனிதரானது 1947-இல். இடையில் 94 ஆண்டுகள். கோவாவில் பிறந்து யாழ்ப்பாணத்திலும் கண்டியிலும் ஒடுக்கப்பட்டிருந்த கத்தோலிக்கரைத் தேடிச் சென்று பணியாற்றிய ஜோசப் வாஸ், 1995 ஜனவரி 21 அன்று கொழும்பு காலிமுகத்திடலில் அருளாளரானார். 2015 ஜனவரி 14 அன்று அதே திடலில் புனிதரானார். அன்னை தெரேசாவின் காத்திருப்பு 13 ஆண்டுகள். 2016 செப்டம்பர் 4 அன்று புனிதரானார்.

காத்திருப்பின் காரணம் பெரும்பாலும் இன்னொரு புதுமைதான். அருளாளரான பிறகு நடந்த ஒரு புதுமை உறுதியானால்தான் புனிதர் பட்டம். மறைசாட்சிக்கும் இந்தக் கட்டத்தில் அது தேவை. தேவசகாயத்துக்கு, கருவிலேயே இறந்துவிட்டதாகக் கருதப்பட்ட குழந்தை உயிருடன் பிறந்தது புதுமையாக 2020-இல் ஏற்கப்பட்டது. ஜோசப் வாசுக்கோ இரண்டாவது புதுமை இல்லாமலேயே புனிதர் பட்டம் வழங்கத் திருத்தந்தை பிரான்சிஸ் முடிவெடுத்தார். இப்படித் தளர்த்தும் உரிமை திருத்தந்தைக்கு உண்டு.

பல நூற்றாண்டுகளாக அருளாளராகவே இருப்பவர்களும் உண்டு. அது தோல்வி அல்ல. அண்மைக் காலத்து அருளாளர்களைப் பாருங்கள்: இந்தியாவில் கேரளத்தின் இராமபுரத்தில் தலித் மக்களோடு வாழ்ந்து பணியாற்றிய குரு தேவர்பரம்பில் குஞ்ஞச்சன் 2006-இல் அருளாளரானார். மத்தியப் பிரதேசத்தில் ஏழை உழவர்களின் உரிமைக்காக உழைத்து, 1995-இல் பேருந்துப் பயணத்தின்போது குத்திக் கொல்லப்பட்ட அருட்சகோதரி ராணி மரியா 2017-இல் இந்தூரில் அருளாளரானார். இவர்களிடமிருந்து நாம் கற்றுக்கொள்ள வேண்டியதை எந்த அறிவிப்புக்காகவும் ஒத்திப்போட வேண்டியதில்லை.

சொல்லைப் பயன்படுத்தும் முறை

எழுதும்போதும் பேசும்போதும் சில குறிப்புகள் உதவும். விசாரணை தொடங்கியவரை ‘இறை ஊழியர்’ என்றும், நற்பண்புகள் உறுதியானவரை ‘வணக்கத்துக்குரியவர்’ என்றும், அடுத்த நிலையில் உள்ளவரை ‘அருளாளர்’ அல்லது ‘முத்திப்பேறு பெற்ற’ என்றும், கடைசி நிலையில் ‘புனிதர்’ அல்லது ‘புனித’ என்றும் பெயருக்கு முன்னால் எழுத வேண்டும். புதிய பட்டம் வந்ததும் பழையது நீங்கிவிடும். இரண்டையும் சேர்த்து எழுதுவதில்லை. 2015-இல் அச்சான நவநாள் புத்தகத்தில் ‘அருளாளர் தேவசகாயம்’ என்று இருந்தால் அது பிழையல்ல. புத்தகம் வெளியான ஆண்டைப் பார்த்தால் போதும்.

அருளாளர் ‘ஆக்கப்பட்டார்’ என்று சொல்வதைவிட ‘அறிவிக்கப்பட்டார்’ என்பதே பொருத்தம். திருச்சபை யாரையும் தூயவராக ஆக்குவதில்லை. இறைவன் ஏற்கெனவே செய்துமுடித்ததைக் கண்டறிந்து சொல்கிறது. அதேபோல், அருளாளரை வணங்குவது இறைவனுக்குரிய ஆராதனை அல்ல. ஆராதனை இறைவனுக்கு மட்டுமே. அருளாளரிடம் கேட்பது நமக்காகப் பரிந்து பேசும்படி. புதுமையைச் செய்பவரும் இறைவனே.

மலைப்பொழிவின் பேறுபெற்றோர்

இந்தப் பட்டத்தின் வேர் நற்செய்தியில் இருக்கிறது. மத்தேயு நற்செய்தி 5ஆம் அதிகாரத்தில், கலிலேயாவின் மலைமேல் அமர்ந்து இயேசு யாரையெல்லாம் பேறுபெற்றோர் என்று அழைத்தாரோ, அந்த வரிசைக்கும் லத்தீன் விவிலியம் இதே ‘பெயாத்துஸ்’ என்னும் சொல்லின் பன்மையைத்தான் ஆள்கிறது. அங்கே அழைக்கப்பட்டவர்கள் ஏழையர் உள்ளத்தோர், துயருறுவோர், இரக்கமுடையோர், அமைதிக்காக உழைப்போர், நீதிக்காகத் துன்புறுத்தப்படுவோர். மன்னர்களோ வெற்றியாளர்களோ அந்த வரிசையில் இல்லை. திருத்தந்தை பிரான்சிஸ் தூய வாழ்வைப் பற்றி 2018-இல் எழுதிய ஏட்டில் ஓர் இயலில் இந்தப் பேறுகளையே தூய்மைக்கு வழிகாட்டியாக விளக்கினார்.

எனவே அருளாளர் பட்டத்தைப் பார்க்கும் சரியான கோணம் இது: மலைப்பொழிவில் சொல்லப்பட்ட வாழ்வை இந்த ஊரில், இந்தத் தெருக்களில், ஒருவர் உண்மையிலேயே வாழ்ந்துகாட்டினார் என்பதற்குத் திருச்சபை இடும் கையொப்பம். தேவசகாயம் குடும்பம் உள்ளவர். அரசு வேலை பார்த்தவர். எல்லாச் சாதியாரோடும் சமமாகப் பழகியவர். துறவி அல்லாத ஒருவர் இந்த நிலைக்கு வந்தது தமிழ்நாட்டுப் பொதுநிலையினருக்கு எத்தனை பெரிய ஊக்கம்!

உங்கள் மறைமாவட்டத்தில் நாளை ஒருவர் அருளாளராக அறிவிக்கப்படலாம். அன்று கொடியும் தோரணமும் தேர்ப்பவனியும் இருக்கட்டும். கூடவே அவருடைய வாழ்க்கை வரலாற்றை ஒருமுறை முழுதாகப் படியுங்கள். அவர் யாருக்காக வாழ்ந்தார், எதை இழக்கத் துணிந்தார் என்று உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அவர் செய்த ஒன்றையாவது நீங்களும் செய்யத் தொடங்குங்கள். அருளாளர்களைத் திருச்சபை நமக்கு முன்னால் நிறுத்துவது இதற்காகத்தான்.